தேம்ஸ் நதி செத்ததும் பிழைத்ததும்



இன்றைக்கு உங்களுக்கு ஓர் ஆற்றின் கதையைச் சொல்லப் போகிறேன். நம்ம ஊர் ஆறு இல்லை. இங்கிலாந்து நாட்டிலே லண்டன் மாநகரத்தை ஒட்டி ஓடிக் கடலில் விழுகிற தேம்ஸ் நதி. "எங்கேயோ கடல் தாண்டி ஓடுற ஆத்துக்கும் என் கொல்லைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். சம்பந்தம் எருக்குழியிலே இருக்கு. வயலுக்குப் போக வேண்டிய சத்து ஆற்றுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குக் காட்டிய ஆறு அது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சின்ன ஆறு, பெரிய ஊர்

தேம்ஸ் நதியின் நீளம் 346 கிலோமீட்டர். மைல் கணக்கில் 215. நம் காவிரியின் நீளத்தில் பாதி கூட வராது. காட்ஸ்வோல்டு என்கிற குன்றுப் பகுதியில் ஊற்றாகப் பிறந்து, ஆக்ஸ்போர்டு, ரெடிங், வின்சர் என்கிற ஊர்களைக் கடந்து லண்டனுக்கு வருகிறது. லண்டனுக்குச் சற்று மேற்கே டெடிங்டன் என்ற இடத்தில் குறுக்கே ஒரு கதவணை இருக்கிறது. அதுவரைக்கும் நல்ல தண்ணீர். அதற்குக் கீழே கடல் வரைக்கும் ஏற்றமும் வற்றமும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் தண்ணீர் ஆற்றை மேலே தள்ளும், இரண்டு தடவை கீழே இழுக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் லண்டன் பாலத்தடியில் தண்ணீர் 20 அடிக்கு மேல் ஏறி இறங்கும்.

இந்த ஏற்ற வற்றத்தாலேதான் லண்டன் பிறந்தது. ஏற்றத்தோடு கப்பல் உள்ளே வரும், வற்றத்தோடு வெளியே போகும். துடுப்பு போடுகிறவனுக்குப் பாதி வேலை மிச்சம். ஏறக்குறைய 1,950 வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் அங்கே பாலம் போட்டு ஊர் அமைத்தார்கள். பிறகு 1209-ஆம் வருஷம் கல்லால் ஒரு பாலம் கட்டி முடித்தார்கள். 19 வளைவுகள். பாலத்தின் மேலேயே வீடும் கடையும் கட்டிக் குடியிருந்தார்கள். 1831 வரைக்கும், 600 வருஷத்துக்கு மேலே, அது நின்றது.

அந்தக் காலத்தில் ஆறு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சேதி சொல்கிறேன். 1252-இல் மூன்றாம் ஹென்றி ராஜாவுக்கு நார்வே தேசத்திலிருந்து ஒரு வெள்ளைக் கரடி பரிசாக வந்தது. அதைக் கோட்டையில் வைத்திருந்தார்கள். பெரிய கயிற்றில் கட்டி தேம்ஸில் இறக்கி விடுவார்களாம். கரடி தானே மீன் பிடித்துத் தின்னும். அவ்வளவு மீன் இருந்த ஆறு அது.

போகும்போது காய்கறி, வரும்போது எரு

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். லண்டனைச் சுற்றி நாலா பக்கமும் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். அதிகாலையில் கோசும் கிழங்கும் ஏற்றிக்கொண்டு வண்டி பட்டணம் போகும். திரும்பும்போது வண்டி காலியாக வராது. குதிரை லாயத்துச் சாணமும், வீட்டு மலக்குழிகளில் அள்ளிய எருவும் ஏற்றிக்கொண்டு வரும்.

ஆற்று வழியாகவும் இதே வேலை நடந்தது. லண்டனில் வண்டி இழுக்கிற குதிரைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுக்கு வைக்கோலும் புல்லும் எஸக்ஸ், சபக் முதலிய கிழக்குச் சீமைகளிலிருந்து பாய்மரப் படகில் வரும். நம்ம வைக்கோல் போர் மாதிரி படகின் மேல் தளத்தில் உயரமாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே படகில் குதிரைச் சாணம் ஏற்றிக்கொண்டு போய்க் கரையோர நிலங்களில் போடுவார்கள். மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்கே திரும்பியது. கொடுக்கல் வாங்கல் சரியாக இருந்தது.

மலக்குழி அள்ளுவது மட்டும் கொடுமையான வேலை. ராத்திரியில்தான் செய்ய வேண்டும் என்று கட்டளை. ஏழைகள் செய்தார்கள். குழிக்குள் விஷவாயு தாக்கிச் செத்தவர்களும் உண்டு. எருவின் பெருமையைப் பேசும்போது இதை மறைத்துப் பேசக் கூடாது. நம் நாட்டில் மனிதரை மலக்குழியில் இறக்கி வேலை வாங்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. அது நியாயமான சட்டம்.

கணக்கு எப்படித் தவறியது?

1801-இல் லண்டனில் சுமார் 10 லட்சம் ஜனம். 1851-இல் 23 லட்சத்துக்கு மேல். அரை நூற்றாண்டில் ஊர் இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டது. ஊர் பெருக்கப் பெருக்க வயல் தள்ளிப் போனது. எரு ஏற்றிய வண்டி போக வேண்டிய தூரம் கூடியது. வண்டிக் கூலி எருவின் விலையைத் தின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் 1840-களில் இன்னொரு சரக்கு வந்து இறங்கியது. தென் அமெரிக்காவிலே பெரு என்கிற நாடு. அதன் கரைக்கு அப்பால் மழையே பெய்யாத சில தீவுகள். அங்கே கடல் பறவைகள் இட்ட எச்சம் பல ஆள் உயரத்துக்கு மலை மாதிரி குவிந்து கிடந்தது. அதற்குக் குவானோ என்று பேர். தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்தது. மூட்டையில் கட்டலாம், கப்பலில் ஏற்றலாம், கையால் தூவலாம். விவசாயி அதைத்தான் வாங்கினார். அவரைக் குறை சொல்ல முடியுமா? வண்டி வண்டியாக நாற்றத்தை இழுத்து வருவதைவிட நாலு மூட்டை குவானோ வசதிதானே!

மூன்றாவதாக வந்தது, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிற கக்கூஸ். வசதியுள்ள வீடுகளில் முதலில் வந்தது, பிறகு பரவியது. மலக்குழியில் தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும்? குழி சீக்கிரம் நிரம்பும், வழியும். எருவும் நீர்த்துப் போய் ஒன்றுக்கும் உதவாது. லண்டனில் மழைத் தண்ணீர் வடியத் தெருவடியில் சாக்கடைகள் இருந்தன. 1815 வரைக்கும் வீட்டு மலத்தை அதில் விடக் கூடாது என்று சட்டம். அதற்குப் பிறகு விடலாம் என்றார்கள். 1848-இல் அமைத்த சாக்கடைக் கமிஷன், மலக்குழிகளை மூடிவிட்டு எல்லா வீட்டுக் குழாயையும் சாக்கடையில் இணைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

அந்தக் கமிஷனில் எட்வின் சாட்விக் என்று ஒரு பெரியவர். சுகாதாரத்துக்காக வாழ்நாள் எல்லாம் உழைத்தவர். சாக்கடைத் தண்ணீரைக் குழாய் வழியாக வயலுக்குக் கொண்டுபோய் விற்கலாம் என்பதுதான் அவருடைய கனவு. ஆனால் வயலுக்குப் போகிற குழாய் வரவில்லை. ஆற்றுக்குப் போகிற குழாய்தான் வந்தது. 23 லட்சம் ஜனங்களின் கழிவு, ஊர் நடுவிலேயே தேம்ஸில் விழுந்தது.

இங்கே ஏற்ற வற்றத்தை நினைவு வையுங்கள். வற்றத்தில் கழிவு கீழே போகும். ஆறு மணி நேரம் கழித்து ஏற்றம் வந்து அதையே திருப்பி ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தும். கோடையில் மேலிருந்து வரும் தண்ணீர் குறைந்துவிட்டால், இன்று விழுந்த அழுக்கு கடல் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். ஊஞ்சல் மாதிரி போய்ப் போய்த் திரும்பும். அந்தத் தண்ணீரையே பல கம்பெனிகள் எடுத்துக் குடிக்கக் கொடுத்தன.

குடித்த தண்ணீரில் எமன்

காலரா லண்டனுக்கு 1832-இல் வந்தது. வங்காளத்துக் கழிமுகத்திலிருந்து கப்பல் வழியும் தரை வழியும் உலகம் சுற்றிப் போன நோய் அது. முதல் தடவை 6,500 பேருக்கு மேல் செத்தார்கள். 1848-49-இல் 14,000 பேர். 1853-54-இல் 10,000-க்கு மேல். கெட்ட நாற்றத்தால்தான் நோய் வருகிறது என்று பெரிய டாக்டர்களே நம்பினார்கள்.

ஜான் ஸ்நோ என்ற ஒரு டாக்டர் மட்டும் "நாற்றம் இல்லை, தண்ணீர்தான் காரணம்" என்றார். 1854-இல் சோஹோ என்கிற பகுதியில் பத்தே நாளில் 500 பேருக்கு மேல் மாண்டார்கள். ஸ்நோ வீடு வீடாகப் போய் விசாரித்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவில் இருந்த ஒரு கைப்பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள். பக்கத்திலேயே ஒரு சாராய ஆலை. அங்கே வேலை செய்தவர்கள் பியர்தான் குடித்தார்கள், அவர்களுக்குத் தனிக் கிணறும் இருந்தது, ஒருவரும் சாகவில்லை. செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து மூன்றடி தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது. நோய் கண்ட ஒரு குழந்தையின் துணியைக் கசக்கிய தண்ணீர் அந்தக் குழியில்தான் ஊற்றப்பட்டிருந்தது. மூணே மூணு அடி, பாருங்கள்!

ஸ்நோ இன்னொரு கணக்கும் எடுத்தார். தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருவில் தண்ணீர் கொடுத்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஊருக்கு மேலே, சுத்தமான பகுதிக்கு மாற்றிக்கொண்டது. மற்ற கம்பெனி ஊருக்குள்ளேயே எடுத்தது. 10,000 வீட்டுக்கு எத்தனை சாவு என்று பார்த்தால், மேலே எடுத்த கம்பெனிக்கு 37. ஊருக்குள் எடுத்த கம்பெனிக்கு 315. தெரு ஒன்று, காற்று ஒன்று. தண்ணீர்தான் வேறு. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஆனாலும் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

மூக்கு போட்ட சட்டம்

1855-இல் மைக்கேல் பாரடே என்கிற பெரிய விஞ்ஞானி படகில் போனார். வெள்ளை அட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்து, நனைத்து, ஆற்றில் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் இறங்குவதற்குள் துண்டு கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு கலங்கல். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். யாரும் அசையவில்லை.

1858 கோடை கடுமையாக வந்தது. ஆறு கொதித்தது மாதிரி நாறியது. பாராளுமன்றக் கட்டடம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் அங்கத்தினர்களால் உட்கார முடியவில்லை. பத்து வருஷமாகப் பேச்சிலேயே கிடந்த வேலை இப்போது நடந்தது. மசோதா வந்து 18 நாளில் சட்டம் ஆனது. 30 லட்சம் பவுன் கடன் வாங்க அனுமதி கொடுத்தார்கள். ஏழைகள் ஆயிரக்கணக்கில் சாகும்போது அசையாத கை, நாற்றம் தங்கள் மூக்கில் ஏறியதும் கையெழுத்துப் போட்டது. உண்மையைச் சொன்ன டாக்டர் ஸ்நோ அதே ஜூன் மாதத்தில் 45 வயதில் இறந்துபோனார். தன் பேச்சு ஜெயித்ததை அவர் பார்க்கவில்லை.

செங்கல்லில் கட்டிய ஆறு

வேலையைச் செய்தவர் ஜோசப் பாசல்கெட் என்ற இன்ஜினீயர். அவருடைய யோசனை ஒரு வாய்க்கால்காரனுக்குச் சட்டென்று புரியும். ஊர்ச் சாக்கடைகள் எல்லாம் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் ஆற்றை நோக்கி ஓடுகின்றன. ஆற்றில் விழுவதற்கு முன்னாலேயே குறுக்கே பெரிய சாக்கடைகளை வெட்டி மறித்து, கிழக்கே ஊருக்கு வெளியே பல மைல் கொண்டுபோய்விட வேண்டும். மைலுக்கு 2 அடி சரிவு கொடுத்தார். சாக்கடையை முட்டை வடிவத்தில் கட்டினார். அடி குறுகலாக இருந்தால் தண்ணீர் கொஞ்சமாக ஓடும்போதும் வேகமாக ஓடி வண்டலை அரித்துக்கொண்டு போகும். நம்ம வாய்க்காலில் அடி அகன்றால் மண் மேடிடும், குறுகினால் மேடிடாது, அதே சூத்திரம்தான்.

பெரிய சாக்கடைகள் மட்டும் 82 மைல். தெருச் சாக்கடைகள் 1,100 மைல். 31 கோடிக்கு மேலே செங்கல். ஈரத்தில் இறுகுகிற போர்ட்லண்ட் சிமெண்ட்டை அவ்வளவு பெரிய அளவில் உபயோகித்தார். பள்ளமான இடங்களில் நீராவி எஞ்சின் வைத்துத் தூக்கி ஊற்றினார். ஆற்றங்கரையில் கல் சுவர் எழுப்பி, சேற்று நிலத்தைத் தூர்த்து, அடியில் சாக்கடையும் மேலே சாலையும் அமைத்தார். பட்டணத்துக்கு 50 ஏக்கருக்கு மேல் புது நிலம் கிடைத்தது. 1865-இல் திறப்பு விழா. 1875-இல் வேலை பூர்த்தி.

1866-இல் காலரா மறுபடி வந்தது. இந்த ஏற்பாடு இன்னும் முடியாத கிழக்கு லண்டனில் மட்டுமே 5,000 பேருக்கு மேல் செத்தார்கள். மற்றப் பகுதிகள் பெரும்பாலும் தப்பின. அதற்குப் பிறகு லண்டனில் பெருவாரியாகக் காலரா வரவே இல்லை. அந்தச் செங்கற்கள் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே கிடையாது.

தள்ளிப் போட்டது தீர்ந்துவிடுமா?

ஆனால் ஒன்று. கழிவு காணாமல் போகவில்லை, இடம் மாறியது. பெக்டன், கிராஸ்னெஸ் என்ற இரண்டு இடங்களில், வற்றம் தொடங்குகிற நேரம் பார்த்து, கழிவை அப்படியே ஆற்றில் திறந்துவிட்டார்கள். 1878 செப்டம்பர் 3-ஆம் தேதி பொழுது சாய்ந்த பிறகு, அந்த இடத்துக்குப் பக்கத்தில் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசக் கப்பல் ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதி உடைந்தது. சுமார் 650 பேர் மாண்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் கழிவைத் திறந்திருந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் அந்தச் சாக்கடைத் தண்ணீரில் திணறினார்கள். கரையேறிய பிறகு செத்தவர்களும் உண்டு.

அதன் பிறகு கெட்டிக் கழிவைப் பிரித்து, 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். 1998 வரைக்கும், 111 வருஷம் கொட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் பெருவிலிருந்து பறவை எச்சம் கப்பலில் வருகிறது. இன்னொரு பக்கம் தன் ஊர் எரு கப்பலில் ஏறிக் கடலுக்குப் போகிறது!

இதைப் பார்த்து வயிறெரிந்தவர் ஜெர்மனி தேசத்து ரசாயன விஞ்ஞானி லீபிக். பயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்ட சத்தை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னவர். இங்கிலாந்து மற்ற நாடுகளின் மண்வளத்தை உறிஞ்சித் தன் சாக்கடை வழியாகக் கடலில் ஊற்றுகிறது என்று அவர் குற்றம் சாட்டினார். லண்டன் சாக்கடைத் தண்ணீரைக் கால்வாய் வெட்டி எஸக்ஸ் கடலோர மணலுக்குப் பாய்ச்சி நிலமாக்குவது என்று 1860-களில் ஒரு திட்டம் கூடப் போட்டார்கள். பணம் கூடவில்லை, கைவிட்டார்கள்.

மீன் இல்லாத ஆறு

இருபதாம் நூற்றாண்டில் ஊர் இன்னும் பெருத்தது. தொழிற்சாலைகள் வந்தன. மின்நிலையங்கள் சுடுதண்ணீர் விட்டன. இரண்டாவது உலகப் போரில் குண்டு விழுந்து கழிவு நிலையங்கள் சேதமாயின. புது மாதிரி சோப்புத்தூள் நுரை வேறு. 1957-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தார் ஆராய்ந்து, இந்த ஆறு உயிரற்றது என்று சொல்லிவிட்டார்கள். கியூ முதல் கிரேவ்செண்ட் வரைக்கும், லண்டன் முழுக்க, விலாங்கைத் தவிர மீன் இனம் எதுவும் நிலைத்து வாழவில்லை.

ஆறு எப்படிச் சாகும்? உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பச்சைத் தழையை அளவுக்கு மீறி வயலில் போட்டு மிதித்துத் தண்ணீரைக் கட்டி வைத்தால் என்ன ஆகும்? குமிழி குமிழியாக வரும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், நாற்று வேர் கருகும். தழையைத் தின்கிற நுண்ணுயிர் தண்ணீரில் கரைந்த பிராணவாயுவை எல்லாம் எடுத்துக்கொள்கிறது. ஆற்றிலும் அதேதான் நடந்தது. மீனுக்கு மூச்சுவிடக் காற்று இல்லை. தேம்ஸ் விஷத்தால் மட்டும் சாகவில்லை. முக்கியமாக, மூச்சு முட்டிச் செத்தது.

நோய் புரிந்ததும் மருந்தும் புரிந்தது. கழிவைத் தின்கிற நுண்ணுயிரை ஆற்றில் வேலை செய்யவிடாமல், கரையிலேயே தொட்டி கட்டி, காற்றை ஊதிக் கொடுத்து, அங்கேயே தின்ன வைத்தார்கள். தெளிந்த தண்ணீரை மட்டும் ஆற்றில் விட்டார்கள். 1960-களிலும் 70-களிலும் கிராஸ்னெஸ், பெக்டன் நிலையங்களை இந்த முறைக்கு மாற்றிப் பெரிதாக்கினார்கள். தொழிற்சாலைகளுக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள்.

மீன் வந்ததை முதலில் கண்டவர்கள் மின்நிலையத் தொழிலாளிகள். ஆற்றுத் தண்ணீர் இழுக்கிற இடத்துச் சல்லடையில் மீன் மாட்டத் தொடங்கியது. 1974 நவம்பரில் வெஸ்ட் துரோக் மின்நிலையச் சல்லடையில் ஒரு சால்மன் மீன் கிடைத்தது. சால்மன் சுத்தத் தண்ணீர் தேடுகிற மீன். 1833-க்குப் பிறகு தேம்ஸில் பிடிபட்ட முதல் சால்மன் அது. 141 வருஷம் கழித்து ஒரு மீன்!

கடல் ஏறி வந்த ராத்திரி

நடுவில் கடல் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். 1953 ஜனவரி 31-ஆம் தேதி ராத்திரி, வடகடலில் புயலும் பெரிய ஏற்றமும் சேர்ந்து கிழக்குக் கரையை உடைத்தன. இங்கிலாந்தில் 307 பேர் மாண்டார்கள். எதிர்க்கரையில் நெதர்லாந்தில் 1,800 பேருக்கு மேல். தேம்ஸ் முகத்துவாரத்துக் கான்வி தீவில் மட்டும் 58 பேர். வயலெல்லாம் உப்புத் தண்ணீர். பிறகு அந்த விவசாயிகள் நிலத்துக்கு ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரால் உப்பைக் கழுவி, வருஷக்கணக்கில் பாடுபட்டு மண்ணை மீட்டார்கள். உவர் நிலத்துக்கு ஜிப்சம் என்பது நமக்கும் தெரிந்த வைத்தியம்தானே.

அதன் விளைவாக உல்விச் என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே பெரிய கதவுகள் அமைத்தார்கள். அகலம் 520 மீட்டர். சாதாரண நாளில் கதவு ஆற்றின் அடியில் படுத்திருக்கும். கப்பல் மேலே போகும். கடல் பொங்குகிற அறிகுறி தெரிந்தால் எழுந்து நிற்கும். 1984-இல் அரசி எலிசபெத் திறந்துவைத்தார். இதுவரை 200 முறைக்கு மேல் மூடி ஊரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இன்றைக்கு எப்படி?

இன்று தேம்ஸ் கழிமுகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மீன் வகைகள் உண்டு. கடல்நாய் வருகிறது, கடல்குதிரை கூட இருக்கிறது. ஆனால் கதை முழுக்கச் சந்தோஷமாக முடிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பல வருஷம் குஞ்சு விட்டுப் பார்த்தும் சால்மன் நிலைத்துப் பெருகவில்லை. 2011-ஓடு குஞ்சு விடுவதை நிறுத்திவிட்டார்கள். பாசல்கெட் கட்டிய சாக்கடையில் மழைத் தண்ணீரும் கழிவும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. அவர் 40 லட்சம் ஜனத்துக்குக் கட்டினார்; இன்றைக்கு லண்டனில் சுமார் 90 லட்சம். மழை பெய்தால் சாக்கடை நிரம்பி ஆற்றில் வழிந்தது. அதற்காகத் தேம்ஸின் அடியிலேயே 25 கிலோமீட்டர் நீளத்துக்கு, 7 மீட்டர் அகலத்துக்கு ஒரு சுரங்கம் தோண்டினார்கள். 2016-இல் ஆரம்பித்த வேலை, 2025 பிப்ரவரியில் எல்லா இணைப்பும் முடிந்தது. செலவு 400 கோடி பவுனுக்கு மேல். அந்தப் பணத்தை லண்டன்காரர்கள் தண்ணீர் வரியோடு சேர்த்துக் கட்டி வருகிறார்கள்.

எரு என்ன ஆனது? கடலில் கொட்டுவதை நிறுத்திய பிறகு, இங்கிலாந்தில் சுத்திகரித்த கெட்டிக் கழிவில் பெரும் பகுதி மறுபடி வயலுக்குத்தான் போகிறது. லீபிக் கேட்டது நூறு வருஷத்துக்கு மேல் கழித்துப் பாதி நடந்திருக்கிறது. ஏன் பாதி? இப்போது அந்தக் கழிவில் உலோகங்களும், நுண்ணிய பிளாஸ்டிக்கும், மட்காத ரசாயனங்களும் கலந்துவிட்டன. அந்தக் காலத்து எரு வேறு, இந்தக் காலத்துக் கழிவு வேறு. பரிசோதனை செய்யாமல் போடக் கூடாது என்று விவசாயிகளே குரல் கொடுக்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பெருமக்களே, இந்தக் கதையிலிருந்து மூன்று விஷயம்.

முதலாவது, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவில் போதிய தூரம் வேண்டும். பிராட் தெருவில் மூன்றடியில் கிடந்தது எமன். புதுக் கழிப்பறை கட்டுகிறவர்கள் குழி எங்கே, கிணறு எங்கே, தண்ணீர் ஓட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துக் கட்டுங்கள். இரட்டைக் குழிக் கழிப்பறையாக இருந்தால் ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதை உபயோகிக்கலாம். மூடியது ஒன்றரை, இரண்டு வருஷத்தில் நாற்றமில்லாத மட்கு உரமாகிவிடும்.

இரண்டாவது, வாய்க்கால் தலைப்பில் நீங்கள் விடுவது கடைமடைக்காரர் குடிக்கிற தண்ணீர். "என் கொல்லையை விட்டுப் போனால் போதும்" என்று நினைத்தால், லண்டன் அதைத்தான் நினைத்தது. ஏற்றம் வந்து திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்தது.

மூன்றாவது, ஓர் ஆறு ஐம்பது வருஷத்தில் சாகும். பிழைக்க நூறு வருஷம் போதாது. பிழைக்க வைக்க முடியும், தேம்ஸ் அதற்குச் சாட்சி. ஆனால் செலவு எவ்வளவு என்று கேட்டீர்கள். அந்தக் காலத்து எரு வண்டிக்கு அந்தத் தோட்டக்காரன் கொடுத்த கூலி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அடுத்த தடவை தொழுவத்தில் சாணம் அள்ளும்போது, மழையில் அது ஓடி வாய்க்காலில் விழாமல், குழியில் போட்டு மண் மூடி வையுங்கள். உங்க வயலுக்கும் லாபம், உங்க ஆத்துக்கும் லாபம்.